நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் ரசிகரைக் கிரிக்கெட் ஒளிபரப்பு எந்த இடத்தில் இழக்கிறது?

மூன்றாம்ஸ்லிப் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மாவட்ட லீக் ஆட்டங்களை யூடியூபில் நேரலையாகத் தரப்போகிறோம். மூன்று கேமரா, படத்தையும் ஒலியையும் மாற்றிக் கலக்க ஒரு மிக்சர், தமிழ் வர்ணனைக்கு இரண்டு பேர். ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய தொடர்களுக்குக் கூட்டம் குறையவில்லை. ஆனால் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை எழுந்திருக்காதவர்கள், ஆஸ்திரேலியா டெஸ்டுக்கு விடியற்காலையில் அலாரம் வைப்பவர்கள், பாயின்ட்டில் நின்றவர் எப்போது பின்னால் போனார் என்று கவனிப்பவர்கள், இவர்கள்தான் முதலில் கசந்து விலகுகிறார்கள். ஸ்கோரைச் செயலியில் பார்த்துவிட்டு ராத்திரி ஹைலைட்ஸ் போதும் என்கிறார்கள். இதற்குக் காரணம் விலையா, விளம்பரமா, படத் தரமா, வர்ணனையா?

பொதுவாகத் திட்டும் பதில்கள் வேண்டாம். எந்த இடத்தில், எத்தனை நொடியில், எதனால் கோளாறு வருகிறது என்று வேலை தெரிந்தவர்கள் சொன்னால் நாங்கள் அதைத் தவிர்க்கலாம்.

---

கண்ட்ரோல்ரூம்:

முதல் குற்றவாளி விளம்பரம்தான். ஆனால் அதன் அளவைவிட, அது வந்து உட்காரும் இடம்தான் ரசிகரை விரட்டுகிறது. இந்தியாவில் கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் விளம்பரம் போடலாம்: வணிக விளம்பரம் 10, சேனலின் சொந்த விளம்பரம் 2. ஐபிஎல் ஆட்டத்தில் நான்கு ஸ்ட்ரேடஜிக் டைம்அவுட், ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். ஆக 10 நிமிடம் அங்கேயே கிடைக்கிறது. அந்த நேரத்தில் எத்தனை விளம்பரம் போட்டாலும் எந்த ரசிகரும் முகம் சுளிப்பதில்லை. ஆட்டம் நிற்கிறது, அவரும் தண்ணீர் குடிக்கப் போகிறார்.

சிக்கல் ஓவருக்கும் ஓவருக்கும் நடுவில் வருகிறது. விளம்பரம் விற்பவருக்கு அது காலி நேரம். ஆட்டம் தெரிந்தவருக்கோ கேப்டன் ஆட்டத்தை நடத்துவதே அங்கேதான். யாரிடம் பந்து போகிறது, ஸ்லிப்பை எடுத்தாரா, டீப் ஸ்கொயர் லெக்கை எல்லைக் கயிறுவரை தள்ளினாரா, எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் நடக்கிறது. அதைக் காட்டாமல் நேரே பந்துக்கு வந்தால், அடுத்து நடப்பது எதுவும் அவருக்குப் புரியாது. விக்கெட் விழுந்தாலும் அது சும்மா நடந்த மாதிரி இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். சர்வதேச ஒருநாள், டி20 ஆட்டங்களில் இப்போது 60 நொடிக் கடிகாரம் இருக்கிறது. அதற்குள் அடுத்த ஓவரைத் தொடங்க பீல்டிங் அணி தயாராக வேண்டும். இரண்டு எச்சரிக்கை தாண்டி மூன்றாவது முறையும் தாமதித்தால் 5 ரன் அபராதம். ஆகவே இடைவெளி 60 நொடிதான், பல நேரம் அதுவும் இல்லை. கடைசிப் பந்தின் ரீப்ளேவுக்கு 8 நொடி, திரும்பி வந்து பீல்டிங்கைக் காட்ட 10 நொடி என்று ஒதுக்கினால் மிச்சம் சுமார் 40. விளம்பரம் விற்கப்படுவது 10 நொடி அலகுகளில். நான்கு போட்டால் சமாளிக்கலாம். ஐந்து விற்றுவிட்டால் முதலில் ரீப்ளே போகும், அடுத்து பீல்டிங் படம் போகும், கடைசியில் பந்துவீச்சாளரின் ஓட்டத்தில் பாதியும் போகும். திரை திரும்பும்போது பந்து பேட்டில் பட்டுவிட்டிருக்கும்.

இரண்டு முனையிலும் சுழற்பந்து நடக்கும்போது இந்தத் தவறு அதிகம். ஓடிவரும் தூரம் குறைவு, களமும் அதிகம் மாறாது, 35 நொடியில் அடுத்த ஓவர் ஆரம்பித்துவிடும். விளம்பரப் பட்டியலோ வேகப்பந்துக்குப் போட்ட அதே பட்டியல். உங்களுக்கு ஒரு நடைமுறை விதி: அடுத்த ஓவர் ஸ்பின் என்றால் இரண்டு அலகு, வேகம் என்றால் நான்கு. இதை ஓவர் முடிவதற்கு இரண்டு பந்து முன்பே மிக்சரில் இருப்பவரிடம் ஒருவர் சொல்ல வேண்டும். அடுத்து யார் வார்ம்அப் செய்கிறார் என்று பார்ப்பதற்கே ஒரு கேமராவை விட்டுவையுங்கள்.

விக்கெட் விழுந்தவுடன் விளம்பரத்துக்கு ஓடுவது இதைவிட மோசம். ரசிகர் அந்தப் பந்தை இன்னொரு கோணத்தில் பார்க்க ஏங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. முதலில் இரண்டு ரீப்ளே, அவுட்டானவர் நடந்து போகும் படம், பிறகுதான் விளம்பரம். புது பேட்டர் எல்லைக் கோட்டைத் தாண்டும்போது திரும்பிவிட வேண்டும். அந்த இடைவெளியிலும் ஆட்டம் நடக்கத்தான் செய்கிறது. 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் ஹெல்மெட் பட்டை அறுந்து இலங்கையின் ஏஞ்சலோ மேத்யூஸ் ‘டைம்டு அவுட்’ (நேரத்துக்குள் ஆடத் தயாராகாததால் அவுட்) ஆனது ஒரு பந்துகூட வீசப்படாத அந்த இரண்டு நிமிடத்தில்தான். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி அவுட்டான முதல் ஆள் அவர்.

ஓவர் நடுவில் வரும் விளம்பரம் இரண்டு வகை. திரையின் அடியில் ஓடும் ஆஸ்டன் பட்டை ஒன்று. படத்தையே சுருக்கி ஓரத்திலும் அடியிலும் எல் வடிவத்தில் வருவது இன்னொன்று. பட்டை ஸ்கோரை மறைக்காத வரை பொறுத்துக்கொள்வார்கள். படம் சுருங்கினால் பந்தும் சுருங்குகிறது, மன்னிக்க மாட்டார்கள். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும் தன் குறியில் திரும்பியதிலிருந்து பந்து டெட் ஆகும்வரை (அந்தப் பந்தின் ஆட்டம் முடியும்வரை) திரையில் எதுவும் அசையக் கூடாது. இதை எழுதி மிக்சர் மேசையில் ஒட்டிவையுங்கள்.

இந்தப் பாடம் புதிதல்ல. 1968 நவம்பர் 17 அன்று அமெரிக்காவில் என்பிசி சேனல், ஜெட்ஸ்–ரைடர்ஸ் அமெரிக்கக் கால்பந்தாட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது, ஏழு மணி ஆகிவிட்டதென்று ஒரு குழந்தைகள் படத்துக்கு மாறியது. அப்போது ஜெட்ஸ் 32–29 என்று முன்னிலை. மறைந்துபோன அந்த நேரத்தில் ரைடர்ஸ் ஒன்பது நொடி இடைவெளியில் இரண்டு டச்டவுன் அடித்து 43–32 என்று ஜெயித்தது. தொலைபேசி இணைப்பகமே திணறும் அளவுக்கு மக்கள் கூப்பிட்டார்கள். ஆட்டத்தை முழுவதும் காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை அதன் பிறகு ஒப்பந்தங்களில் ஏறியது.

---

நொடிக்கணக்கு:

மேலே சொன்னது டிவிக்கு. இணையத்தில் இன்னும் இரண்டு சேர்கிறது: தாமதம், ஃப்ரேம் (நொடிக்கு எத்தனை படம் என்பது).

ஐபிஎல் இன்னிங்ஸுக்கு டைம்அவுட் நீங்கலாக 85 நிமிடம். 120 பந்து. வகுத்தால் பந்துக்குச் சராசரி 42.5 நொடி. இணைய நேரலை, மைதானத்தைவிட 30, 40 நொடி பின்தங்குவது சாதாரணம். அதாவது கிட்டத்தட்ட ஒரு பந்து பழையது. பக்கத்து வீட்டில் கேபிளில் பார்ப்பவர் கத்தும்போது உங்கள் போனில் பவுலர் இன்னும் குறிக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்.

தாமதத்துக்குச் செயற்கைக்கோளைக் குறை சொல்ல முடியாது. சுமார் 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க அதற்குக் கால் நொடிதான். இணையத்தில் படம் துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் போகிறது. வழக்கமான துண்டு 6 நொடி. பிளேயர் மூன்று துண்டைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும். அங்கேயே 18 நொடி போயிற்று. அதன்மேல் என்கோடிங் (படத்தைச் சுருக்குவது), சர்வர்களுக்குப் பரப்புவது, விளம்பரத்தை நடுவில் தைப்பது எல்லாம் சேர்கிறது. கையிருப்பைக் குறைத்தால் தாமதம் குறையும். ஆனால் ரயிலில் போகிறவரின் போனில் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கும். கோடிக்கணக்கானவர் ஒரே நேரத்தில் பார்க்கும்போது நிறுவனங்கள் பாதுகாப்பான பக்கம் சாய்வது நியாயம்தான்.

நியாயமில்லாதது ஒன்று உண்டு. பிந்தி ஓடும் செயலியே ‘விக்கெட்!’ என்று அறிவிப்பு அனுப்பும். படத்தில் அந்தப் பந்து இன்னும் வீசப்பட்டிருக்காது. இதைச் சரிசெய்ய பெரிய செலவில்லை. நேரலை பார்த்துக்கொண்டிருக்கும் கணக்குக்கு அறிவிப்பை நிறுத்தலாம், அல்லது தாமத அளவுக்கு நிறுத்திவைத்து அனுப்பலாம். உங்கள் விஷயத்தில் இது வாட்ஸாப் குழுவில் நடக்கும். ஸ்கோரர் மைதானத்திலிருந்து போடும் தகவல் படத்தை முந்தும். ஒரு நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள்.

விளம்பரத் தையல் பற்றியும் ஒரு வார்த்தை. இடைவேளை தொடங்குகிறது, முடிகிறது என்று சொல்லும் குறியீடுகள் சிக்னலுக்குள்ளேயே போகும். முடிவுக் குறியீடு வராமல் போனால் அல்லது பிந்தினால், சர்வர் தான் எடுத்த விளம்பரத் தொகுப்பை முழுசாக ஓட்டிவிட்டுத்தான் திரும்பும். டிவியில் பந்து தெரிய, போனில் மட்டும் சோப்பு விளம்பரம் ஓடுவது இதனால்தான். முடிவுக் குறியீட்டை அனுப்பும் பொத்தான் ஒரே ஆளின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

இனி ஃப்ரேம். 140 கிமீ வேகப் பந்து நொடிக்கு 38.9 மீட்டர் போகிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பந்து 1.56 மீட்டர் தாவிவிடும். 50 ஃப்ரேமில் அது 0.78 மீட்டர். டிவி ஒளிபரப்பு நொடிக்கு 50 முறை அசைவைப் பதிவு செய்கிறது. அதை இணையத்துக்கு 25 ஆக்கி அனுப்பினால், பிக்சல் எத்தனை இருந்தாலும் பந்து பிட்சில் எங்கே குத்தியது என்று கண் பிடிக்காது. தீவிர ரசிகர் ‘என்னமோ சரியில்லை’ என்பார். சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் சொல்வது சரி.

உங்கள் அமைப்புக்கு நான் சொல்வது:

1080பி படத்தை 25 ஃப்ரேமில் தருவதைவிட, பிக்சல் குறைந்த 720பி படத்தை 50 ஃப்ரேமில் தருவது நல்லது. பிட்ரேட் (அனுப்பும் தரவின் அளவு) நொடிக்கு 5 அல்லது 6 மெகாபிட், அப்லோடு வேகம் அதைப்போல இரண்டு மடங்கு. கீஃப்ரேம் (முழுப் படமாகப் போகும் ஃப்ரேம்) 2 நொடிக்கு ஒன்று. யூடியூபில் ‘குறைந்த தாமதம்’ போதும். ‘மிகக் குறைந்த தாமதம்’ வைத்தால் கிராமத்து நெட்வொர்க்கில் பார்ப்பவர்களுக்குப் படம் அடிக்கடி நிற்கும். இரண்டு வேறு நிறுவன சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் வேகத்தைத் தானியங்கியில் விடாதீர்கள். 1/50 நொடியில் அந்த 140 கிமீ பந்து 78 சென்டிமீட்டர் நீளக் கோடாகத் தெரியும். 1/500-இல் கோடு சுமார் 8 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட பந்தின் விட்டமே அவ்வளவுதான். நல்ல வெயிலில் 1/500 தாராளமாகக் கிடைக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் என்றால் 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு எண் வைத்தால் படம் மினுங்கும்.

---

வெளிப்புறஎட்ஜ்:

எல்லாம் சரி, ஆனால் முதல் காரணம் விலைதானே? சில வருஷம் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு மறுபடி காசு கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

---

ஏலப்பட்டியல்:

ஓரளவுக்குத்தான். விலையைவிட ‘இன்று எங்கே?’ என்று தேட வைப்பதுதான் தீவிர ரசிகரைக் களைக்க வைக்கிறது. இந்திய அணியை மட்டும் விடாமல் பின்தொடர்ந்த ஒருவரின் 14 மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் நியூசிலாந்து தொடர் அமேசான் பிரைமில். டிசம்பர் வங்கதேசம் சோனியில். அடுத்த உள்நாட்டுத் தொடர்கள் ஸ்டாரில். 2023 ஜூலை மேற்கிந்தியத் தீவுகள், டிவியில் தூர்தர்ஷன், போனில் ஜியோசினிமா அல்லது பேன்கோடு. செப்டம்பரிலிருந்து உள்நாட்டு ஆட்டங்கள் ஸ்போர்ட்ஸ்18-இல். அக்டோபர் உலகக் கோப்பையும் டிசம்பர் தென்னாப்பிரிக்காவும் மறுபடி ஸ்டாரில். வருஷத்துக்கு நாலு ஆட்டம் பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை தெரியவே தெரியாது. எல்லாம் பார்ப்பவருக்குத்தான் தண்டனை.

இதன் வேர் ஏலத்தில் இருக்கிறது. ஐபிஎல் உரிமை 2018–22-க்கு 16,347.5 கோடி ரூபாய்க்கு மொத்தமாக ஸ்டாருக்குப் போனது. 2023–27-க்கு டிவி, டிஜிட்டல் என்று பிரித்து விற்றார்கள். மொத்தம் 48,390 கோடி, 410 ஆட்டம். ஆட்டத்துக்கு 118 கோடி. அதை மீட்க ஒரே வழிதான்: ஒவ்வொரு நொடியையும் விற்பது. மேலே கண்ட்ரோல்ரூம் சொன்ன ஐந்தாவது விளம்பரம் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. இலவசமும் அப்படித்தான். டிஜிட்டல் உரிமை வாங்கிய வயாகாம்18, 2023-இல் ஜியோசினிமாவில் இலவசமாகக் காட்டிக் கூட்டம் சேர்த்தது. ஜியோசினிமாவும் ஸ்டாரின் ஹாட்ஸ்டாரும் இணைந்து 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோஹாட்ஸ்டார் வந்தபின் சந்தா திரும்பியது. ரசிகரின் கோபத்தில் தொகையைவிட, தன்னைக் கூட்டம் காட்டப் பயன்படுத்தினார்கள் என்ற உணர்வு பெரிது.

தூர்தர்ஷன் விஷயத்தில் ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய முக்கியத்துவமுள்ள ஆட்டங்களின் சிக்னலைத் தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும். ஆனால் அப்படிப் பகிர்ந்த சிக்னலைக் கேபிள்காரர்கள் மறுஒளிபரப்பு செய்ய முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது டிடியின் தரைவழி ஒளிபரப்புக்கும் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான். கேபிள் வைத்திருப்பவர் டிடி போட்டால் ஆட்டம் வரவில்லையே என்று திட்டுவது இதனால்தான். கேபிள்காரர் மேல் தப்பில்லை.

வெளிநாட்டில் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2005 ஆஷஸ் (இங்கிலாந்து–ஆஸ்திரேலியா டெஸ்ட்) தொடரை இங்கிலாந்தில் சேனல் 4 இலவசமாகக் காட்டியது. உச்சத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். 2006 முதல் உரிமை கட்டணச் சேனலான ஸ்கைக்குப் போனது. 2009 ஆஷஸை இங்கிலாந்து சொந்த ஊரிலேயே ஜெயித்தபோதும் உச்சம் 20 லட்சத்தைத் தொடவில்லை. ஸ்கையின் படத் தரத்தில் குறை சொல்ல முடியாது. கதவைச் சாத்தியதால் வந்த இழப்பு அது. 2019 உலகக் கோப்பை இறுதிக்கு இங்கிலாந்து தகுதி பெற்றதும் ஸ்கையே அந்த ஒரு ஆட்டத்தைச் சேனல் 4-இலும் இலவசமாகக் காட்ட ஒப்புக்கொண்டது.

எனக்கு மிகவும் வலிப்பது லாஸ் ஏஞ்சலீஸ் பேஸ்பால் கதை. டாட்ஜர்ஸ் அணி 25 வருஷத்துக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு 2014-இல் தனிச் சேனல் தொடங்கியது. அந்தச் சேனலுக்குக் கேட்ட கட்டணத்தை டைரக்டிவி போன்ற சேனல் விநியோக நிறுவனங்கள் தர மறுத்தன. ஊரின் பெரும்பாலான வீடுகளில் சொந்த ஊர் அணியே தெரியவில்லை. 67 பருவம் அந்த அணிக்கு வர்ணனை செய்த வின் ஸ்கல்லி 2016-இல் ஓய்வு பெற்றார். அவர் குரலோடு வளர்ந்தவர்களுக்கு அவருடைய கடைசி மூன்று வருஷத்தில் பெரும்பகுதி கிடைக்காமலே போனது. டைரக்டிவியில் அந்தச் சேனல் வந்தது 2020-இல்தான்.

---

மூன்றாம்ஸ்லிப்:

நிறையத் தெளிவு கிடைத்தது, நன்றி. வின் ஸ்கல்லி பற்றிப் படித்ததும் தோன்றிய கேள்வி: தமிழ் வர்ணனையைத் தீவிர ரசிகர்கள் பலர் அணைத்துவிட்டு ஆங்கிலத்துக்கோ மைதான ஒலிக்கோ போகிறார்களே. மொழியா காரணம்?

---

வானொலிக்காது:

மொழி இல்லை ஐயா. வானொலிக் காலத்தில் அப்துல் ஜப்பார் தமிழில் சொன்னதை விரும்பிக் கேட்ட ஊர் இது. 2017-இல் தமிழுக்கென்றே ஸ்டார் ஸ்போர்ட்ஸ் சேனல் வந்தபோது வரவேற்பு இருந்தது. குறை வேறு இடத்தில்.

பிராந்திய மொழி வர்ணனை பெரும்பாலும் மைதானத்திலிருந்து வருவதில்லை. ஸ்டுடியோவில் மானிட்டரைப் பார்த்துப் பேசுகிறார்கள். மைதானத்தில் இருப்பவர் கண்ணைத் திருப்பினால் தேர்ட்மேன் எங்கே நிற்கிறார் என்று தெரியும். ஸ்டுடியோவில் இருப்பவருக்கு இயக்குநர் காட்டும் படம் மட்டும்தான் உலகம். ரசிகர் பார்ப்பதைத் தாண்டிச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தைச் சினிமா வசனமும் சிரிப்பும் நிரப்புகின்றன. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது பேட்டில் பந்து படும் சத்தமும் ஸ்டம்ப் மைக்கும் அடியில் போய்விடுகிறது. எட்ஜா (பந்து பேட்டின் ஓரத்தில் பட்டதா) இல்லையா என்பதைக் காதால் கண்டுபிடிக்கும் ரசிகருக்கு அது பெரிய நஷ்டம்.

உங்கள் ஆட்கள் மைதானத்தில் இருக்கப்போகிறார்கள், அது பெரிய வரம். மானிட்டரையும் களத்தையும் ஒருசேரப் பார்க்கும்படி, பவுலரின் கைக்குப் பின்னால் உட்கார வையுங்கள். ஒருவர் பந்தைச் சொல்லட்டும், மற்றவர் பந்து டெட் ஆன பிறகு விளக்கட்டும். பவுலர் ஓடத் தொடங்கியதும் பேச்சு நிற்க வேண்டும். ஓவருக்கு ஒருமுறை களத்தைச் சொல்லுங்கள்: ‘இரண்டு ஸ்லிப், ஒரு கல்லி, கவர் காலி, ஆசை காட்டி டிரைவ் ஆட வைக்கிறார்.’ மாவட்ட லீக்கில் ஆட்டக்காரர் பெயரைச் சரியாக உச்சரிப்பதற்குக் காலையிலேயே இரண்டு அணி மேனேஜரிடமும் பட்டியல் வாங்கி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெயர் தப்பினால் அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்கள் அன்றைக்கே போய்விடுவார்கள்.

ஸ்டம்ப் மைக் வாங்க வசதியில்லை என்றால், சைட்ஸ்கிரீன் பக்கம் பிட்சை நோக்கி ஒரு ஷாட்கன் மைக் (நேர் எதிரே வரும் ஒலியை மட்டும் பிடிக்கும் நீள மைக்), அதற்கு ரோமக் காற்றுறை. அதை வர்ணனையோடு கலந்து அனுப்பும் முன், மிக்சரில் தனிச் சானலாக வையுங்கள். பேச்சு நிற்கும்போது ஏற்றலாம்.

---

கண்ட்ரோல்ரூம்:

இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. பெரிய நிறுவனங்களுக்கு இந்த விலகல் கண்ணில் படாததற்குக் காரணம் அவர்கள் எண்ணும் விதம். 2023 உலகக் கோப்பை இறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தார்கள் என்பது அறிவிக்கப்பட்ட எண். அந்த உச்சம் ஒரு கணத்தின் கணக்கு. முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை உட்கார்ந்து பார்த்தவர், கோலி ஆடும்போது மட்டும் எட்டிப் பார்த்தவர், இருவரும் அதில் ஒன்று. முன்னவர் போய் பின்னவர் இருவர் வந்தால் எண் ஏறத்தான் செய்யும்.

நீங்கள் உச்சத்தைப் பார்க்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் யூடியூப் கணக்கில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் வரைபடத்தைத் திறந்து, எந்த நிமிடத்தில் விளம்பரம் போட்டீர்கள், எப்போது ரீப்ளே விட்டுப்போனது என்று ஸ்கோர்ஷீட்டோடு ஒப்பிட்டுக் குறியுங்கள். இடைவேளையில் இறங்கிய கோடு அடுத்த ஓவர் முடிவதற்குள் பழைய இடத்துக்கு வந்தால் கவலை இல்லை. வராவிட்டால், அந்த இடைவேளையின் பதிவைப் போட்டு முதல் பந்து முழுசாகத் தெரிந்ததா என்று பாருங்கள். இதற்கு ஸ்கோர்ஷீட்டில் நேரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓவர் தொடங்கும் நேரத்தையும் எழுத ஸ்கோரரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.